குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கேள்விகள்

கியூபாவின் ரம் காக்டெயிலான டைக்கிரி பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஒன்றில்கூடச் சொந்தப் பெயர் இல்லை. பாதிப் பேர் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் 'நண்பருக்காக'க் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சுடோகுவுக்குப் போகலாம்.

நண்பருக்காகக் கேட்பவர், திருச்சி: கதையெல்லாம் அப்புறம். டைக்கிரி செய்முறையை முதலில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. அவ்வளவுதான். ரம் 60 மில்லி. உங்கள் நண்பருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஒரு லார்ஜ். சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, பாகு ஒன்றரை மேசைக்கரண்டி. கரண்டிக்கு 15 மில்லி கணக்கு. மூடியுள்ள பாத்திரத்தில் இவற்றை ஊற்றி, நிறைய ஐஸ் போட்டு, இறுக மூடி, 12 விநாடி பலமாகக் குலுக்கி, ஃப்ரீசரில் வைத்தெடுத்த கோப்பையில் வடிகட்டுங்கள். கோப்பையில் ஐஸ் போடுவதில்லை, சோடா ஊற்றுவதில்லை, காகிதக் குடை சொருகுவதில்லை. நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. அதை நீங்கள் ஊற்ற வேண்டாம், தானாக வந்து சேரும்.

ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர், நெய்வேலி: இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தொழில்காரர் என்கிறார்களே, நிஜமா?

பெயர் பரவியதில் உங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு. கியூபாவின் தென்கிழக்கில், சாந்தியாகோ நகரத்துக்குக் கிழக்கே டைக்கிரி என்றொரு கடற்கரைச் சிற்றூர். அந்தப் பக்கம் இரும்புச் சுரங்கங்கள். 1898 ஜூனில் ஸ்பெயினோடு போர் புரிய வந்த அமெரிக்கப் படை கரையிறங்கியதும் அங்கேதான். சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ், விருந்தினர் வந்திருந்தபோது ஜின் தீர்ந்துபோனதால் உள்ளூர் ரம்மை வைத்துச் சமாளித்தார் என்பது கதை.

கதை எப்படியோ, அவர் பெயரில் ஒரு கைக்குறிப்பு இருக்கிறது. ஆறு பேருக்கு ஆறு எலுமிச்சை, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு கப் பக்கார்டி ரம், இரண்டு சிறு கப் மினரல் வாட்டர், நிறைய உடைத்த ஐஸ். ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றையும் கலப்பது கரீபியத் தீவுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பழக்கம். ஆனால் தண்ணீரையும் ஒரு சரக்காக மதித்து அளவு எழுதினாரே, அங்கேதான் பொறியாளர் தெரிகிறார். 1909-ல் லூசியஸ் ஜான்சன் என்ற கடற்படை மருத்துவர் இந்தப் பானத்தை வாஷிங்டனின் ஆர்மி அண்ட் நேவி கிளப்புக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மருத்துவரே சிபாரிசு செய்தது என்று வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள், எடுபடாது.

பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர், விருதுநகர்: ஐஸ் 0 டிகிரி. அதில் குலுக்கிய பானம் மைனஸ் 5 டிகிரிக்குப் போகும் என்று என் மைத்துனர் அளக்கிறார். எப்படிச் சாத்தியம்?

மைத்துனர் சொல்வது சரி சார். தெர்மாமீட்டர் வைத்தும் அளந்திருக்கிறார்கள். ஐஸ் 0 டிகிரியில் உருகாமல் நிற்பது தூய தண்ணீரில்தான். ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்த நீரின் உறைநிலை அதற்கும் கீழே. அதனால் பானம் 0 டிகிரிக்கு வந்த பிறகும் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும் என்று நீங்களே பாடம் எடுத்திருப்பீர்கள். அந்த வெப்பத்தைக் கடன் கேட்கப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. பானத்திடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுவதும் இதே கணக்குதான். அவரிடம் உப்பு, இங்கே ரம். நாளை வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்தும்போது குல்ஃபி உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'ரா'வாகவே பழகியவர், மதுரை: ஐஸ் கரைந்து தண்ணியாகிவிடுகிறதே. தண்ணீர் சேராமல் குளிர வைக்க வழி உண்டா?

இல்லை, இருந்தாலும் வேண்டாம். ஐஸ் உருகுவதால்தான் பானம் குளிர்கிறது. குளிர்ச்சி மட்டும் வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்பது மழை வேண்டும், நனைய மாட்டேன் என்பது மாதிரி. நம் அளவுப்படி கலவை சுமார் 105 மில்லி. 30 டிகிரியில் இருக்கும் அதை மைனஸ் 5-க்கு இறக்க 40 கிராமுக்கு மேல் ஐஸ் உருகியாக வேண்டும். அந்த நீர்தான் முதல் பதிலில் சொன்ன நான்காவது பொருள். ரம், சாறு, பாகு எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்தெடுத்துக் கலந்தால் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் முதல் மடக்கிலேயே புளிப்பு பல்லில் ஏறும், இனிப்பு நாக்கில் ஒட்டும், ரம் தொண்டையில் அறையும். மூன்று பேரையும் சமாதானப்படுத்தி ஒரே திண்ணையில் உட்கார வைப்பது அந்தத் தண்ணீர்தான்.

அவசரக்காரர், கோவை: 12 விநாடிக்குப் பதிலாக 2 நிமிடம் குலுக்கினால்?

புஜம் வளரும். 15 விநாடிக்குள் பானம் குளிர வேண்டிய அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. அதன் பிறகு குளிர்ச்சியும் பெரிதாகக் கூடாது, தண்ணீரும் பெரிதாகக் கூடாது. விநாடியைவிட வேகம் முக்கியம். தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினால் பானம் தூங்கிவிடும்.

ஷேக்கர் வாங்க வசதியில்லாதவர், ஈரோடு: வீட்டில் இருப்பதை வைத்துக் குலுக்க முடியுமா?

தாராளமாக. மூடி இறுகும் அகன்ற வாய் ஸ்டீல் பாட்டில் போதும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் வேலை செய்யும். ஆனால் ஐஸ் மோதுவது கண்ணாடியில் என்பதை மறக்காதீர்கள். கால்வாசி இடம் காலியாக இருக்கட்டும். ஐஸ் ஓடி மோத இடம் வேண்டும், பானத்துக்குள் காற்று நுழையவும் வேண்டும். மேலே மிதக்கும் மெல்லிய நுரை அந்தக் காற்றுதான். மூன்று பாகமாகக் கழற்றும் ஷேக்கருக்கு 1884-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் இரண்டு டம்ளரைக் கவிழ்த்துப் பொருத்தித்தான் குலுக்கினார்கள். வடிகட்ட டீ வடிகட்டி. டீ வாசனை போகக் கழுவியதாக இருக்கட்டும். சோடாவோ கோலாவோ ஊற்றிக் குலுக்க வேண்டாம். மூடி விட்டத்துக்குப் போகும்.

ஆங்கிலப் பட ரசிகர், புதுச்சேரி: ஜேம்ஸ் பாண்ட் மார்ட்டினியைக் குலுக்கச் சொல்கிறாரே. அது சரியா?

மதுக்கடைக்காரர்களின் சட்டம் எளிது. பழச்சாறு, பால், முட்டை ஏதாவது இருந்தால் குலுக்கு. எல்லாமே தெளிந்த மதுவாக இருந்தால் கரண்டியால் கலக்கு. மார்ட்டினியில் சாறு இல்லை, ஆகவே கலக்க வேண்டும். 1953-ல் வந்த முதல் நாவலிலேயே பாண்ட் இந்தச் சட்டத்தை மீறிவிட்டார். கொலை செய்யவே லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் யார் வாதாடுவது?

எலுமிச்சை வியாபாரி, புளியங்குடி: எங்கள் ஊர்ப் பழம் போதுமா, வெளிநாட்டு லைம் தேடி வாங்க வேண்டுமா?

ஐயா, கரீபியப் பழமே உங்கள் ஊர்ப் பழத்தின் சொந்தம்தான். ஆசியாவில் பிறந்து, அரபிகள் கைமாறி ஸ்பெயினுக்குப் போய், கடல் தாண்டிக் கரீபியத் தீவுகளில் வேரூன்றிய குடும்பம் அது. 1493-ல் இரண்டாம் பயணம் கிளம்பிய கொலம்பஸின் கப்பல்களிலேயே எலுமிச்சை வகை விதைகள் போயின. சின்னதாக, மெல்லிய தோலோடு, விதையோடு, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருக்கும் நம் பழம்தான் டைக்கிரிக்குப் பொருத்தம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் விதையில்லாப் பெரிய லைம் வேறு வகை.

ஒரே எச்சரிக்கை: பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளங்கள். சித்திரையில் வாங்கிய பழமும் ஐப்பசியில் வாங்கிய பழமும் ஒரே அளவு சாறு தராது. பிழிவதற்கு முன் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். கடைசிச் சொட்டுவரை நசுக்கினால் தோலின் கசப்பும் கூடவே இறங்கும்.

சோம்பேறி, ஓசூர்: பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு?

பித்தளைப் பாத்திரம் துலக்க அருமையானது.

இல்லத்தரசி, காரைக்குடி: பாகு என்கிறீர்களே, எந்தப் பதம்? ஒரு கம்பியா, இரண்டு கம்பியா?

கம்பியே கூடாதம்மா! உங்கள் ஊர்க் கைப்பக்குவத்தை இதில் காட்டாதீர்கள். ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர், சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்துச் சுண்ட வேண்டாம். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். சர்க்கரையை நேராகப் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். ஆல்கஹாலில் சர்க்கரை சரியாகக் கரையாது, குளிரில் இன்னும் மோசம். அடியில் மணலாகத் தங்கும். நேராகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், சாற்றில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் ரம் ஊற்றுங்கள்.

முப்பது வருட அனுபவஸ்தர், வேலூர்: என்னிடம் இருப்பது ஓல்டு மங்க். அதில் வருமா?

வரும், ஆனால் கியூபாவை நினைவுபடுத்தாது. ஓல்டு மங்க் கருத்த ரம். வெனிலாவும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த அதன் வாசனை, எலுமிச்சையை ஓரம் தள்ளிவிடும். பாகை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள். கியூபா ரம்மையும் பீப்பாயில் வைத்து முதிர்விப்பார்கள். வெள்ளை ரம்மென்றால் பிறகு கரியில் வடிகட்டி நிறத்தையும் கனத்தையும் எடுத்துவிடுவார்கள். எலுமிச்சை வந்து உட்கார இடம் கிடைப்பது அதனால்தான்.

தேசிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், யாழ்ப்பாணம்: எங்களிட்ட தேசிக்காயும் இருக்கு, தென்னஞ்சாராயமும் இருக்கு. உந்த டைக்கிரியைச் செய்யேலுமோ?

நீங்கள் கேட்பது பேரனின் சட்டை பாட்டனாருக்குப் பொருந்துமா என்பதை. பொருந்தும். 17-ஆம் நூற்றாண்டில் இந்து மகாசமுத்திரத்தில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள், ஆசியத் துறைமுகங்களில் கிடைத்த சாராயத்தில் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்குகள் கலந்து பஞ்ச் என்று குடித்தார்கள். அது லண்டன் வரை போய்ப் பெரிய கிண்ணத்தில், கூட்டத்துக்கு நடுவே வைக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் கிண்ணம் சுருங்கித் தனி ஆளுக்கு ஒரு கிளாஸ் ஆனது. டைக்கிரி அந்த வம்சம். தென்னம்பாளைக் கள்ளிலிருந்து காய்ச்சும் உங்கள் நாட்டுச் சாராயத்தில் இதே அளவில் செய்தால் அருமையாக வரும். டைக்கிரி என்று மட்டும் கூப்பிடாதீர்கள், மூத்தவருக்கு மரியாதைக் குறைவு.

மிக்ஸி விற்பனையாளர், கோவை: ஐஸோடு மிக்ஸியில் அடித்தால் குலுக்கும் வேலை மிச்சமாகுமே?

ஆகும், அதுவும் பாவமில்லை. ஹவானாவின் ஒபிஸ்போ தெருவில் எல் ஃப்ளோரிடிட்டா என்ற மதுக்கடை. அதை நடத்திய கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா, 1930-களில் மின்சார மிக்ஸியில் உடைத்த ஐஸோடு டைக்கிரியை அடித்துப் பனிக்கூழாகக் கொடுத்துப் பேர் வாங்கினார். குளிர் கூடினால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் பாகு கொஞ்சம் அதிகம் வேண்டும். சட்னி அரைத்த ஜார் வேண்டாம். பச்சை மிளகாய் டைக்கிரி ஹவானாவில் இல்லை.

வளரும் எழுத்தாளர், தஞ்சாவூர்: ஹெமிங்வே குடித்தது டைக்கிரிதானே? குடித்தால் எழுத்து வருமா?

அதே ஃப்ளோரிடிட்டாவில்தான் குடித்தார். ரம் இரண்டு பங்கு, சர்க்கரை கிடையாது, எலுமிச்சையோடு கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கினோ என்ற செர்ரி மதுவும் கொஞ்சம். அந்தக் கடையின் மூலையில் வெண்கலச் சிலையாக இன்னும் சாய்ந்து நிற்கிறார். ஆனால் அவர் எழுதியது விடிகாலையில், நின்றுகொண்டு. குடித்தது அன்றைய எழுத்து முடிந்த பிறகு. 'கிழவனும் கடலும்' வந்தது அப்படித்தான். நீங்கள் வரிசையை மாற்றிப் பார்க்கிறீர்கள்.

பொறுமையின் எல்லையில் இருப்பவர், சேலம்: ஃப்ரீசரில் பட்டாணி வைக்க இடமில்லை. என் கணவரின் காலிக் கண்ணாடிக் கோப்பை நிற்கிறது. கேட்டால் 'டெக்னிக்' என்கிறார்.

டெக்னிக்தான் சகோதரி, ஆனால் 10 நிமிட டெக்னிக். கோப்பையில் ஐஸ் இல்லாததால் வெதுவெதுப்பான கண்ணாடி பட்டால் குலுக்கிய பலன் போய்விடும். காம்பு வைத்த கோப்பை என்பதும் கைச்சூடு ஏறாமலிருக்கத்தான். குலுக்குவதற்குச் சற்று முன் வைத்தால் போதும். அதுவரை பட்டாணிக்கே முதலுரிமை. கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மூக்கு நுட்பமானவர், திண்டுக்கல்: என் டைக்கிரியில் மல்லிகைப்பூ வாசம் வருகிறது. ரம்மில் கோளாறா?

ஃப்ரிட்ஜில் கோளாறு. திறந்த ட்ரேயில் வைத்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மல்லிகை கிடைத்தது அதிர்ஷ்டம். கருவாடு கிடைத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஐஸ் ட்ரேக்கு மூடி போடுங்கள். ஐஸை எடுத்த உடனே பானத்தில் போடுங்கள். வெளியில் வைத்து வேர்த்த ஐஸ் கூடுதல் தண்ணீரைக் கொண்டுவரும். மீன் கடை ஐஸை உடைத்துப் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அது குடிக்கிற நீரில் செய்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கடற்கரை விருந்து வைப்பவர், ஈ.சி.ஆர்., சென்னை: கடலோரத்தில் நண்பர்களுக்கு டைக்கிரி தரப்போகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஒன்று, அதிமுக்கியமானது. எலுமிச்சையைப் பிழிந்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் வெயிலில் நிற்காதீர்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் சருமத்தைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவந்து, கொப்புளம் போட்டு, கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். மேல்நாட்டில் இதை மார்கரீட்டா பர்ன் என்றே அழைக்கிறார்கள். நிழலில் பிழியுங்கள், அல்லது வீட்டிலேயே பிழிந்துகொண்டு போங்கள்.

ஆரோக்கியப் பிரியர், நாகர்கோவில்: எலுமிச்சையில் விட்டமின் சி இருக்கிறதே. அப்படியானால் உடம்புக்கு நல்லதுதானே?

எலுமிச்சை நல்லது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சட்டென்று எழுந்தார்கள். அவர்களுக்கு ரம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க.

விஸ்கி கட்சி, ஊட்டி: ரம் பிடிக்காதவர்கள் என்ன செய்வது?

கட்சி மாறலாம், கொள்கை ஒன்றுதான். அதே அளவில் விஸ்கி போட்டால் விஸ்கி சவர். டெக்கீலா போட்டு, பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்கர் ஊற்றினால் மார்கரீட்டா. மெக்சிகோவின் பெயர் சொல்லும் பானம். பிராந்தியும் ஆரஞ்சு லிக்கரும் என்றால் சைடுகார். விஸ்கி சவரில் முட்டை வெள்ளை சேர்ப்பவர்கள், ஐஸ் இல்லாமல் ஒருமுறை, ஐஸ் போட்டு ஒருமுறை குலுக்குவார்கள். பச்சை முட்டைக்குப் பயந்தால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், நுரை அதேபோல வரும்.

குடிக்காதவர், கும்பகோணம்: எங்களுக்கெல்லாம் இந்தப் பக்கத்தில் இடமில்லையா?

முதல் வரிசை உங்களுக்கு. அடர்த்தியாகப் போட்டு ஆறிய பால் இல்லாத டீ 60 மில்லி, சாறு ஒரு மேசைக்கரண்டி, பாகு ஒன்றரை, உப்பு ஒரு சிட்டிகை. அதே குலுக்கல், அதே கோப்பை. டீயின் துவர்ப்பு ரம்மின் இடத்தை நிரப்பும். மறுநாள் காலையும் உங்களுக்கு வழக்கம்போல விடியும்.

பைக் பிரியர், பொள்ளாச்சி: ஒரே ஒரு டைக்கிரி. வண்டி ஓட்டலாம்தானே?

கூடாது. நம் நாட்டு ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். 60 மில்லியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரே கோப்பையில் அதைத் தாண்டிவிடக்கூடும். எலுமிச்சை குடித்தால் இறங்கிவிடும் என்பார் உங்கள் நண்பர். எலுமிச்சை கோப்பைக்குள்ளேயே இருந்ததே, இறக்கியதா? உடம்பு ஆல்கஹாலைக் கழிக்க மணிக்கணக்கில் ஆகும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கலந்தால் அன்றிரவு வீட்டிலேயே இருங்கள்.

நேர்ப்பேச்சுக்காரர், தூத்துக்குடி: இவ்வளவு அலட்டல் எதற்கு? ரம்மில் கோலா ஊற்றினால் வேலை முடிந்தது.

முடிந்தது. அதுவும் கியூபாவின் பெயர் தாங்கிய பானம்தான், எலுமிச்சைத் துண்டு போட்டால் கியூபா லிப்ரே. அவசரத்துக்கும் கூட்டத்துக்கும் அது ஏற்றது. ரம் சுமாராக இருந்தாலும் கோலா மூடி மறைத்துவிடும். டைக்கிரியில் மறைப்பதற்கு ஆள் இல்லை. ரம் மட்டமென்றால் தெரியும், பழம் பழையதென்றால் தெரியும், அரைக் கரண்டி பாகு கூடினால் தெரியும், பாதியில் கை ஓய்ந்தால் அதுவும் தெரியும். புதிய கடைக்குப் போனால் முதலில் டைக்கிரி கேட்டு ஆளை எடைபோடுகிறவர்கள் இருப்பது அதனால்தான். வீட்டில் அந்தப் பரீட்சையை நீங்களே எழுதி நீங்களே திருத்துகிறீர்கள். புளித்தால் அடுத்த தடவை கால் கரண்டி பாகு கூட்டுங்கள், தித்தித்தால் அதே அளவு சாறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று பிடிபடும்.

தன்னம்பிக்கைவாதி, திருநெல்வேலி: இரண்டாவது கோப்பை முதல் கோப்பையைவிட ருசியாக இருக்கிறது. என் கை தேறிவிட்டது என்று சொல்லலாமா?

கை அப்படியேதான் இருக்கிறது. நடுவர்தான் ஏற்கெனவே ஒரு கோப்பை வாங்கிக்கொண்டுவிட்டார்.